மணலுக்குள் ஒரு குடம்

ஜனவரி பிறந்தால் சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் ஒரு கூட்டம் அலையோரமாக நடக்கும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள். 1988-இல் தொடங்கிய அமைப்பு. தேடுவது பங்குனி ஆமையின் முட்டைகளை.

ஈர மணலில் துடுப்புத் தடம் தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். கிளறிக் கிடக்கும் மணலில் குச்சியை மெல்ல ஊன்றிப் பார்க்கிறார்கள். கெட்டி மணல் தடுக்கும்; முட்டைக்கு மேலுள்ள மணல் சட்டென்று இளகிக்கொடுக்கும். அப்புறம் வெறும் கைதான். நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். ஒன்றையும் புரட்டாமல் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே முட்டைகளைப் புதைக்க அவர்கள் தோண்டும் குழிதான் என்னைச் சொக்கவைப்பது. தாய் ஆமை பின்துடுப்பால் தோண்டுவதுபோலவே, கழுத்து குறுகி அடி அகன்ற குடம். ஆழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. குப்புறப் படுத்து, கையை ஆழ விட்டு, விரலாலேயே அடிவயிற்றைக் குடைய வேண்டும். அவசரப்பட்டால் சுவர் சரிந்துவிடும். மண்வெட்டிக்கு இங்கே வேலையே இல்லை.

குஞ்சுகள் வெளிவர 45 நாளுக்கு மேலாகும். கடல்பக்கம் தெரியும் வெளிச்சம் பார்த்துத்தான் அவை கடலுக்குப் போகும். தெருவிளக்கு எரிந்தால் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். முட்டைகளை இடம் மாற்றுவதற்கு அது ஒரு பெரிய காரணம். முட்டைகளைத் தோண்டித் தின்னும் நாய்கள் இன்னொரு காரணம்.