மலிவுக் காந்தமானி எதை அளக்கிறது?

டேஞ்சன்ட் கால்வனோமீட்டரை ஓரங்கட்டிவிட்டு, ஆர்டுயினோவையும் ஹால் உணரியையும் வைத்துக் காந்தப்புலம் அளப்பது மாணவர் செயல்திட்டங்களில் வழக்கமாகிவிட்டது. சில நூறு ரூபாயில் தானியங்கிக் கருவி என்பது மெய்தான். மதுரையில் அது எதை அளக்கும் என்பதே கேள்வி.

இங்கே புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. கடையில் எளிதாகக் கிடைக்கும் எஸ்எஸ்49ஈ உணரி 100 மைக்ரோடெஸ்லாவுக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது 350 மைக்ரோடெஸ்லா. 10 செ.மீ. ஆரமும் 50 சுற்றும் உள்ள சுருளில் 1 ஆம்பியர் விட்டால் மையத்தில் கிடைப்பது 314. முழுதாக ஒரு படிகூட இல்லை! ரெக்கார்டு நோட்டில் ஏறும் இலக்கங்கள் பெரும்பாலும் இரைச்சல்தான்.

எச்எம்சி5883எல் போன்ற மூவச்சு உணரி 0.1 மைக்ரோடெஸ்லா வரை பிரித்துக் காட்டும். (அந்தப் பெயரில் கேட்டால் கியூஎம்சி5883எல் கைக்கு வருவதும் உண்டு, அதற்கு முகவரியே வேறு, நிரல் ஓடாது.) ஆனால் அதன் உணர்திறன் டிகிரிக்கு 0.3 சதவீதம் குறையும். மதுரை வெயிலில் அறை 10 டிகிரி சூடேறினால் பிழை 1.2 மைக்ரோடெஸ்லா. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆராயும் நிலநடுக்கோட்டு மின்தாரை நண்பகலில் உண்டாக்கும் ஏற்றமோ 0.1 அளவுதான். இந்த உணரியால் அதைப் பிடித்தோம் என்று வரும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

டெல்லி முடுக்கி மையத்தின் எக்ஸ்ப்ஐஸ்-17 இந்த வகையில் நேர்மையான கருவி. வரைபடமும் பைத்தான் நிரலும் திறந்தவை. எண் எங்கிருந்து வருகிறது என்று மாணவர் பிரித்துப் பார்க்கலாம்.

தானியக்கம் தன் மதிப்பைக் காட்டுவது சுருளின் அச்சில்தான். ஸ்டெப்பர் மோட்டார் உணரியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த, புலத்தின் வளைகோடு முழுதாகக் கிடைக்கிறது. கையால் அதற்குப் பொறுமை போதாது. மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டே? ஒவ்வோர் இடத்திலும் மின்னோட்டத்தைத் திருப்பி, இரு அளவுகளின் வேறுபாட்டில் பாதியை எடுத்தால் மோட்டார், இரும்பு பீரோ, புவிப்புலம் மூன்றும் கழிந்துவிடும். திசைமாற்றிச் சாவியைத் திருப்பிப் பழகிய பழைய ஆய்வகம் கற்றுத்தந்த உத்தி இது. ஆகவே கால்வனோமீட்டர் சுருளைப் பரணில் போடக் கூடாது. கணக்கிட்டுச் சொல்லக்கூடிய புலம் அதில் மட்டுமே இருக்கிறது, புது உணரியை அளவுதிருத்த வேண்டியதும் அதைக் கொண்டுதான். அந்தத் திருத்த அட்டவணை இல்லாத செயல்திட்டத்துக்கு நிரலுக்கான மதிப்பெண் தரலாம், இயற்பியலுக்கு அல்ல.