தோட்டத்து நோயாளியும் நமது எழுத்தும்

தேயிலைத் தோட்டத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்களுள் இரண்டில், மனச்சாட்சியின் குரலாக வருபவர் டாக்டர். முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் வெளியிட்ட ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்னும் ஆங்கில நாவல் அஸ்ஸாம் தோட்டமொன்றின் கதை. அதில் தொழிலாளரின் சுகாதாரத்துக்காக வெள்ளைத் துரைமாருடன் வாதாடுபவர் டி லா ஹாவர் என்னும் டாக்டர். ஆனைமலைத் தோட்டங்களில் தாமே மருத்துவராக இருந்த பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ 1969இல் வந்தது. பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாயிற்று. அங்கும் ஏழை நோயாளியின் துயரை உணர்ந்து பேசுபவர் ஆபிரகாம் என்னும் டாக்டரே.

இரண்டும் நேர்மையான படைப்புகள். ஆயினும் ஒரு வினா எழுகிறது: நோயாளி ஏன் பேசவில்லை? நல்ல டாக்டர் வாய்த்தால் பிழைக்கிறான், வாய்க்காவிட்டால் மடிகிறான். நல்ல துரை வாய்ப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? நமது மலையகக் கதைகளிலும் இருண்ட லயமும், கொழுந்து லொறியில் ஏற்றப்பட்ட கர்ப்பிணியும், வழியில் நேர்ந்த மரணமும் பலமுறை வந்துவிட்டன. கண்ணீர் சிந்துகிறோம், புத்தகத்தை மூடுகிறோம்.

இக்குறை எழுத்தாளனிடத்தில் மட்டும் பிறந்ததன்று. 1872இலும் 1912இலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டங்கள் தொழிலாளியின் வைத்தியத்தைத் துரையின் பொறுப்பில் வைத்தன. உழைக்கும் கைகள் குறையாதிருப்பதே அவற்றின் கவலை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் மறுத்தபின், நோயுற்றவன் யாரிடம் உரிமை கேட்பான்? தோட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்கும் வேலை 1990களில் தொடங்கியது, இன்னும் முற்றுப்பெறவில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த மருத்துவமனை 2017இல் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டியதே. அதனுள் நுழைபவள் உரிமையோடு நுழைகிறாளா?

கருத்தடைச் சிகிச்சையின் வரலாறு இதற்கு விடை கூறும். 1980 முதல் அச்சிகிச்சைக்கு அரசு பணம் வழங்கியது. பிற பகுதிப் பெண்களைவிடத் தோட்டப் பெண்களிடையே அது மிகுதியாக நடந்ததைக் கணக்கெடுப்புகள் காட்டின. மாற்று வழிகள் விளக்கப்படவில்லை என்று பெண்கள் கூறியதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். விளங்காத தாளில் வைத்த பெருவிரல் அடையாளம் சம்மதமாகுமா?

சட்டம் இன்று முற்றிலும் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் சுகவாழ்வு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இடம்பெறவில்லை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அதுவும் அரசின் செயலுக்கு எதிராகவே. கம்பெனி நடத்தும் டிஸ்பென்சரியில் நேர்ந்த தவறு அதற்குள் எளிதில் அடங்காது. நட்டஈட்டு வழக்கோ இன்னும் கடினம். 1992இல் இறந்த ஒரு குழந்தைக்காகப் பேராசிரியர் பிரியாணி சொய்சா மீது தொடரப்பட்ட வழக்கு 2001இல்தான் முடிந்தது. கவனக்குறைவு இருந்தது, ஆனால் மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்காடிய தந்தை அரசாங்கச் சட்டத்தரணி! நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள் அந்தப் படிகளில் எப்படி ஏறுவாள்?

ஆகவே சட்டம் விரிய வேண்டும். அது விரிவதற்கு முன்னே, கேட்கும் வாய் திறக்க வேண்டும். தனது நோய் என்ன, கொடுத்த மருந்து எது, செய்யப்போகும் அறுவை எதற்கு என்று தமிழில் கேட்பது அடங்காத்தனம் ஆகாது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கற்பிக்கும் ஆசிரியர்களும் பயிலும் மாணவர்களும் இதை லயங்களில் எடுத்துச் சொல்லலாம்.

எழுத்தாளருக்கும் ஒரு வேண்டுகோள். நல்ல டாக்டரை நாம் போதிய அளவு படைத்துவிட்டோம். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தந்த துண்டைத் திருப்பி நீட்டி, “இதுல என்னாங்க எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் போவேன்” என்று நிற்கும் ஒரு பெண்ணை இனி எழுதுங்கள்.