தள்ளிவிட்ட எலிகள்

டிஸ்னியின் 'வொயிட் வைல்டர்னஸ்' (1958) ஆஸ்கர் வாங்கிய ஆர்க்டிக் டாக்குமென்டரி. வால்ரஸ் கூட்டமெல்லாம் பிரமாதம்தான். ஆனால் லெம்மிங் என்கிற குட்டி எலிகள் செங்குத்துப் பாறையிலிருந்து கும்பலாகக் கடலில் குதித்துச் சாகும் காட்சி அப்பட்டமான பொய். குதிக்கவில்லை சார், தள்ளிவிட்டார்கள்! எடுத்தது கடலே இல்லாத ஆல்பர்ட்டாவில், விலைக்கு வாங்கிய எலிகளை வைத்து. கனடா டி.வி. 1982-ல் குட்டை உடைத்தது.

நிஜ லெம்மிங் இன்னும் சுவாரஸ்யம். குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்காது. உறைபனிக்கு அடியில் வளை தோண்டி, புல்லில் கூடு கட்டி, அந்தக் குளிரிலேயே குட்டியும் போடும். ஒரு வகைக்கு ரோமம் வெள்ளையாகி, பனியைத் தோண்டவென்றே முன்னங்கால் நகம் தடித்து வளரும். இது கதையாகத் தெரியவில்லையா டிஸ்னிக்கு? எலி சாகாமல் இருந்தால் ஆஸ்கர் கிடைக்காது என்று யார் சொன்னார்களோ!