கோரேகாவ் தூணின் வாசகமும் பெயர்ப்பட்டியலும்

புணே நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், பீமா ஆற்றங்கரையில், பேரணே என்னும் ஊரில் ஒரு கல்தூண் நிற்கிறது. மூன்றாம் ஆங்கில-மராத்தியப் போரின்போது, 1818 சனவரி 1 அன்று, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு படைப்பிரிவு கோரேகாவில் எதிர்த்து நின்றதன் நினைவாக எழுந்தது அது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வாசகம் கொண்ட இத்தூணைத் தமிழில் எழுதுவோர் ‘வெற்றித்தூண்’ என்றே பெரிதும் குறிக்கின்றனர். மராத்தி வழக்கிலுள்ள ‘ஜயஸ்தம்ப’ என்பதன் பெயர்ப்பு என்ற அளவில் இது பிழையன்று. ஆயின், கல்லைப் படித்துச் செய்த பெயர்ப்பாக இதனைக் கொள்ள இயலவில்லை.

ஆங்கில வாசகம் ஊரைக் காத்து நின்றமையைக் கூறித் தொடங்குகிறது. வெற்றிப் பெருமிதம் இறுதியில்தான் வருகிறது. இதனினும் நோக்கத்தக்கது அதன் தொடரமைப்பு. சூழப்பட்டது, நாள் முழுதும் தாக்குதலைத் தாங்கியது என்னும் வினைகளுக்குப் படைப்பிரிவு எழுவாய். பகைவரை நிலைகுலையச் செய்து வெற்றி ஈட்டிய வினைக்கோ கேப்டன் ஸ்டாண்டன் ஒருவரே எழுவாய். வீரர்களின் ஊக்கம் அவருக்குத் துணைநின்றதாக ஒரு சார்புத்தொடரில் ஒடுங்கிவிடுகிறது. தாங்கியவர் பலர், வென்றவர் ஒருவர் என்பது அத்தொடரின் இலக்கணம். ‘வெற்றித்தூண்’ என்னும் பெயர் இவ்விலக்கணத்தை மறைத்துவிடுகிறது.

இதற்கு ஈடு செய்வது பெயர்ப்பட்டியல். இறந்தோராகப் பொறிக்கப்பட்ட 49 பெயர்களுள் 22 ‘நாக்’ என முடிவன. அக்கால மகார் ஆடவர் பெயர்களுக்குரிய ஈறு இது. 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் இங்கு வந்தமைக்கும், ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் திரள்வதற்கும் பின்னணியில் இவ்வோர் அசை உள்ளது எனலாம். ஒலிபெயர்ப்பாளர் இதனை ‘நாயக்’ என்றோ ‘நாகன்’ என்றோ செம்மைப்படுத்தினால் சான்றே அழியும். எஞ்சிய 27 பெயர்களையும் விட்டுவிடலாகாது. மராத்தியர், இராசபுத்திரர், முசுலிம்கள், யூதர் எனப் பலரும் கம்பெனிக் காலாட்படையில் இருந்தனர். பேஷ்வாவின் பக்கம் அரேபியரும் கோசாயிகளும் போரிட்டனர். இரு சமூகங்களின் நேர்ப்போராக மட்டும் இதனைச் சுருக்குவோரும் பட்டியலை முழுதாகப் படித்தாரல்லர். இருநூறாம் ஆண்டு நினைவு நாளான 2018 சனவரி 1 அன்று அங்கு வன்முறை மூண்டு ஓர் உயிர் பறிபோயிற்று என்பதை நினைந்தால், இது வெறும் சொல்லாய்வு அன்று என்பது விளங்கும்.

நம் நடுகற்களில் இறந்தவனே எழுவாய். இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊரில், ஆநிரை மீட்டுப் ‘பட்டான்’ இன்னான் என்பது அவற்றின் பொதுவான வாய்பாடு. வெற்றி தோல்விக்குப் பெரும்பாலும் அங்கு இடமில்லை. மராட்டிய மண்ணுக்கும் இம்மரபு அயலன்று. அங்குள்ள வீரக்கற்களுக்கு மராத்தியில் வழங்கும் ‘வீர்கள்’ என்னும் பெயர் கன்னட ‘வீரகல்லு’ என்பதன் வழி வந்தது. (தமிழர் அதனைப் பன்மை விகுதியென மயங்கலாம், அஃது உண்மையில் நம் ‘கல்’.)

பெயர்கள் அழிக்கப்படின் நேர்வது யாது என்பதற்கு இலங்கை சான்று. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்ததையொட்டி, வடக்கிலும் கிழக்கிலும் இருந்த புலிகளின் துயிலும் இல்லங்கள், பெயர் பொறித்த கல்லறைகளோடு தரைமட்டமாக்கப்பட்டன. புதுக்குடியிருப்பில் படையினரின் வெற்றிச்சின்னம் எழுந்தது. மக்கள் தம் நிகழ்வுக்கு இட்ட ‘நினைவேந்தல்’ என்னும் பெயரில் வெற்றி என்ற சொல்லும் இல்லை, தோல்வி என்ற சொல்லும் இல்லை. கல் இல்லாத இடத்தில் நினைவைக் கையில் ஏந்துதலே அச்சொல்லின் பொருள்.

எனவே பேரணேத் தூணைத் தமிழில் ‘கோரேகாவ் நினைவுத்தூண்’ எனக் குறித்து, ‘ஜயஸ்தம்ப’ என்னும் வழக்கை அடிக்குறிப்பில் தந்து, 49 பெயர்களையும் ஈறு கெடாமல் ஒலிபெயர்த்து இணைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. கல்லில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை மராத்தி வடிவோடு ஒப்பிட்ட பின்னரே இப்பணியைத் தொடங்குதல் தகும்.