பெயரிட்டவள்

சிறுவயதில், கிறிஸ்துமஸ் ஆராதனைதோறும் ஏசாயாவின் ஏழாம் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். கன்னிகையைப் பற்றிய பதினான்காம் வசனம் வந்ததும் பிரசங்கம் மரியாளின் தூய்மைக்குத் தாவும். அங்கிருந்து வாலிபப் பெண்களான எங்கள் நடத்தைக்கு வந்து நிற்கும். யூதர்கள் காத்திருந்த மேசியாவைப் பற்றிய பேச்சு எங்கள் தாவணியில் வந்து ஏன் முடிகிறது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

பின்னாளில் அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தேன். அது ஒரு போர்க்காலப் பிரதி. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. சீரியாவும் வட இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின் மேல் படையெடுத்து வருகின்றன. யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்குகிறான். ஏசாயா அவனுக்கு ஓர் அடையாளம் சொல்கிறார்: ஓர் இளம்பெண்ணின் குழந்தை நன்மை தீமை அறியும் வயதை எட்டுமுன் அந்த இரண்டு எதிரி நாடுகளும் பாழாகும். அடையாளம் குழந்தையின் பெயரிலும் வயதிலும் இருக்கிறது. அந்தப் பெண் கன்னியா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'அல்மா'. மணவயதை எட்டிய இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி, ஆயிற்று. மத்தேயு அதை எடுத்து இயேசுவின் பிறப்புக்குச் சான்றாக்கினார். 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதிய உரையாடலில் வரும் திரிஃபோ என்ற யூதர், அது கன்னியல்ல, இளம்பெண்தான் என்று வாதாடுகிறார். சண்டை அவ்வளவு பழையது.

யூதர்களின் எதிர்பார்ப்பு ஒரே வடிவில் இருந்ததில்லை. ஆனால் தாவீதின் வம்சத்தில் வரும் அரசன் என்பது அதில் வலுவான இழை. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடெஸ் மேசியாவின் வேலைகளை வரிசைப்படுத்தினார்: ஆலயத்தைக் கட்டுவான், சிதறிய மக்களைச் சேர்ப்பான். அற்புதம் செய்துகாட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார். தாய் எப்படிக் கருவுற்றாள் என்பது அந்த வரிசையில் இல்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. எபிரேய வசனத்தில் குழந்தைக்கு இம்மானுவேல் என்று பெயரிடுபவள் தாய். மத்தேயு அதை மேற்கோள் காட்டும்போது வினைச்சொல் பன்மையாகிறது; பெயரிடுபவர்கள் 'அவர்கள்'. இயேசுவுக்குப் பெயரிடும் பொறுப்போ யோசேப்புக்குப் போகிறது. காரணம் புரிகிறது. தாவீதின் வம்சம் தகப்பன் வழியாக எண்ணப்படுகிறது. யோசேப்பு பெயரிட்டு ஏற்றுக்கொண்டால்தான் பிள்ளை அந்த வம்சத்தில் சேரும். ஆக, யூத எதிர்பார்ப்பை நிறைவேற்ற ஒரு தகப்பன் வேண்டியிருந்தது, கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஒரு கன்னி வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே பெயரிடும் குரல் அந்தப் பெண்ணிடமிருந்து போய்விட்டது. குரலை எடுத்துக்கொண்டு கன்னிமையைக் கொடுத்தார்கள்.

இதை எழுதும்போது எனக்கு நானே ஓர் எச்சரிக்கையும் சொல்லிக்கொள்கிறேன். யூத மதம் பெண்களை ஒடுக்கியது, இயேசு வந்து மீட்டார் என்று கிறிஸ்தவப் பெண்ணியவாதிகள் சுலபமாகச் சொல்லிவிடுவதை யூதப் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ 1970களின் இறுதியிலேயே கண்டித்தார். அந்தப் பழியை நான் சுமத்த மாட்டேன். அதைத் தலைகீழாக்கி, யூத மரபைப் பெண்களின் புகலிடமாகக் காட்டவும் மாட்டேன். தகப்பன் வழி எண்ணும் வம்சக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

1995இல் வந்த திருவிவிலியம் ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவில் 'கன்னி' என்றும் மொழிபெயர்த்திருக்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மரியாள் கன்னி என்று விசுவாசிப்பவர்கள் விசுவாசிக்கட்டும். ஆனால் ஏசாயாவை வாசிக்கும்போது, எதிரிகள் சூழ்ந்த ஊரில் பிள்ளை பெற்று, 'கடவுள் நம்மோடு' என்று தன் வாயால் பெயர் வைத்த அந்தப் பெண்ணை அவளிடத்திலேயே விட்டுவிடுங்கள். பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளுக்கு அவளைத் தெரியவேண்டும்.