அப்பா கையில் கோல்

‘அல்கால்தே’ என்றால் இன்றைய ஸ்பானிஷில் மேயர். அந்த நினைப்பில்தான் கால்தெரோனின் ‘சலமேயாவின் அல்கால்தே’ நாடகத்தை வாசித்தேன்; ஏமாந்தேன். சொல்லின் மூலம் அரபியின் ‘அல்-காதி’, நம்மூர் காஜிதான். 17ஆம் நூற்றாண்டு நாடகத்தில் அவர் தீர்ப்பும் சொல்கிறவர்.

பெத்ரோ கிரெஸ்போ ஒரு விவசாயி. மகள் இசபெலை ஒரு கேப்டன் தூக்கிப்போய் வன்புணர்ந்த கையோடு, ஊர் இவரை அல்கால்தே ஆக்குகிறது. பதவிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, ‘அவளைக் கட்டிக்கோங்க’ என்று மண்டியிட்டுக் கெஞ்சுகிறார். அவன் மதிக்கவில்லை. கோலை எடுக்கிறார், மரண தண்டனை.

விதியைவிட்டு ஆளையும் சூழலையும் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு ‘காதி நீதி’ என்ற பேரைப் பிரபலமாக்கியவர் மாக்ஸ் வேபர். கடுப்பாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான இஸ்லாமியச் சட்ட மரபுகளில், காஜி தன் பிள்ளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவே முடியாது. கிரெஸ்போ அதைத்தான் செய்கிறார், மன்னரும் ஆமோதிக்கிறார். நானும்தான் மனசுக்குள் கைதட்டினேன்.

இசபெல்? அவள் கன்னிமடத்தைத் தேர்ந்துவிட்டாளாம். அதையும் அப்பாதான் சொல்கிறார்.