கடன் வாங்கிய மெட்டும் சொந்தச் சொல்லும்

ஒரு பாட்டு யாருடையது என்னும் வினா, பாட்டைச் சுவைப்போரிடையே என்றும் தீராத வழக்காக இருந்து வருகிறது. ஜப்பானிய மெல்லிசையையும் அமெரிக்க மெல்லிசையையும் விரும்பிக் கேட்கும் இளைஞரிடையே இவ்வழக்கு மிகச் சூடாகவே நடைபெறுகிறது. ஜப்பானியர் பாடுவன யாவும் அமெரிக்கரின் மெட்டுகளே, சொல் மட்டுமே மாறியிருக்கிறது என்பர் ஒரு சாரார். பிறர் ஆக்கத்தைத் தனதென்று காட்டுவதற்கு ஜப்பானியப் பேச்சில் ‘பக்குரி’ என்றொரு கொச்சைச் சொல் உண்டு. அதனைத் தம் நாட்டுப் பாடகர்மீது வீச ஜப்பானிய இரசிகரே தயங்குவதில்லை. மற்றொரு சாராரோ, அமெரிக்கப் பாட்டில் தாளம் இருக்கிறது, கவிதை இல்லை. ஜப்பானியப் பாட்டில்தான் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்பர். இரு சாராரும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டே தீர்ப்பு வழங்குகின்றனர் என்பதை இங்கே குறித்தல் வேண்டும்.

இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர் பலர் திறனாய்வு என்பதை முதன்முதலாகப் பயில்வது வகுப்பறையில் அன்று, இத்தகைய வாதங்களில்தான். ‘எங்கிருந்து எடுத்தான்?’ என்னும் ஒரே கோலைக் கொண்டு பாட்டை அளக்கப் பழகியவன், நாளை அதே கோலை எடுத்துக்கொண்டு கம்பனிடம் வருவான். வான்மீகியிடமிருந்து எடுத்தவன்தானே என்று கேட்பான். அவனுக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு நம்முடையது.

மெட்டைக் கடன் வாங்கும் வழக்கத்தை ஜப்பானில் தொடங்கி வைத்தவர்கள் ஆசிரியர்களே என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கலாம். ஆசிரியப் பயிற்சிக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திற்குச் சென்று திரும்பிய இசாவா ஷூஜி என்பார், பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இசை கற்பித்த லூதர் வைட்டிங் மேசனை 1880இல் ஜப்பானுக்கு வரவழைத்தார். இவ்விருவர் முயற்சியால் உருவான தொடக்கப்பள்ளிப் பாடல் தொகுப்பின் முதற்பகுதி 1881ஆம் ஆண்டினது. அதில் ஸ்காட்லாந்து நாட்டு மெட்டொன்றுக்கு ஜப்பானியச் சொல் அமைத்து, ‘ஹொத்தாரு நோ ஹிக்காரி’ என்ற பாட்டைச் சேர்த்தனர். ஸ்காட்லாந்தில் அது பழைய நட்பை நினைந்து பாடும் பாட்டு. ஜப்பானிலோ, மின்மினியின் ஒளியில் நூல் பயின்ற பழஞ்சீன மாணவனின் கதையைச் சுமந்துகொண்டு, பள்ளியை விட்டுப் பிரிவோர் பாடும் பாட்டாயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பிரிவு விழாக்களில் அதனைப் பாடிக் கண்கலங்கிய சிறுவரிடம், ‘அம்மெட்டு உன்னுடையது அன்று’ என்று கூறுவதில் என்ன பொருள் இருக்கிறது?

அமெரிக்கர் தரப்பில் பெருமை பேசுவோரும் தம் வீட்டுக் கணக்கைச் சற்றுப் பார்த்தல் நலம். பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியின் குரலில் 1953இல் புகழ்பெற்ற ‘ஹவுண்ட் டாக்’, 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாகவே உலகெங்கும் அறியப்பட்டது. சக் பெர்ரி 1958இல் வெளியிட்ட பாட்டொன்றின் மெட்டில் பீச் பாய்ஸ் குழுவினர் 1963இல் கடலலை விளையாட்டைப் பாடினர். பின்னர்ப் படைப்புரிமையில் பெர்ரியின் பெயர் இடம்பெற்றது. ஆக, கடன் இரு கரையிலும் உண்டு.

அதே 1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பாடல் வரிசையில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது ஒரு ஜப்பானியப் பாட்டு. சகாமோத்தோ கியூ பாடியது. 1961இல் ஜப்பானில் வெளிவந்தது. இயற்றியவர் ஏய் ரொக்குசுக்கே. இசையமைத்தவர் ஜாஸ் பியானோக் கலைஞரான நக்கமுரா ஹச்சிதாய். அதன் ஜப்பானியப் பெயர் நிமிர்ந்து நோக்கி நடத்தலைக் குறிப்பது. கண்ணீர் சிந்தாதிருக்க முகத்தை உயர்த்திக்கொண்டு தனியே நடக்கும் ஒருவனின் துயரம் அது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960இல் நடைபெற்ற கிளர்ச்சி தோற்றபோது பாடலாசிரியர் உற்ற மனச்சோர்வே அதன் பிறப்பிடம் என்பர். அப்பாட்டு மேலைநாட்டில் ‘சுக்கியாக்கி’ என்ற பெயரோடு விற்பனையாயிற்று. சுக்கியாக்கி என்பது இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஓர் உணவு! மேலைநாட்டார் வாயில் எளிதாக நுழையும் ஜப்பானியச் சொல் என்பதற்குமேல் பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் ஒப்பாரி ஒன்றுக்குச் ‘சாம்பார்’ என்று பெயரிட்டு விற்றாற்போன்ற செயல் இது. அமெரிக்காவை எதிர்த்த கிளர்ச்சியின் துயரத்தை, பொருள் அறியாமலே அமெரிக்கர் முதலிடத்தில் ஏற்றி வைத்தனர்.

இப்பாட்டில் நான் பெரிதும் கருதுவது வேறொன்று. சகாமோத்தோ, பிரெஸ்லியைப் பின்பற்றிப் பாடிப் பழகியவர். ஜப்பானியச் சொற்களின் அசைகளை உடைத்தும் நடுங்கவிட்டும் அவர் பாடியதைக் கேட்டுப் பாடலாசிரியரே முதலில் முகம் சுளித்தார் என்று கூறுவர். அந்த உடைப்பே பின்னர்ப் பாட்டின் உயிராயிற்று. மெட்டு ஜப்பானியர் அமைத்தது. சொல்லும் ஜப்பானியர் இயற்றியது. குரலின் அசைவு மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதனை எந்தக் கணக்கில் எழுதுவது? 1981இல் அமெரிக்காவின் எ டேஸ்ட் ஆஃப் ஹனி குழுவினர் இம்மெட்டுக்குப் புதிய ஆங்கிலச் சொல் அமைத்துப் பாடினர். பாட்டு மூன்றாம் இடம் வரை ஏறியது. அதில் கிளர்ச்சியும் இல்லை, நிமிர்ந்த நடையும் இல்லை. காதலனைப் பிரிந்தவளின் ஏக்கமே உண்டு. இனிய பாட்டுத்தான். ஆயினும் மூலத்தில் துயரத்தை அடக்கிக்கொண்ட வீம்பு இதில் கரைந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொல்லைப் பற்றிய பெரிய வழக்கு ஜப்பானிலேயே 1970, 1971ஆம் ஆண்டுகளில் எழுந்தது. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட இயலுமா என்பது வினா. உச்சிதா யூயா என்னும் பாடகர், அவ்விசையின் தாளத்தில் ஜப்பானிய மொழி அமராது; உலகம் கேட்கவேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே பாடவேண்டும் என்றார். அவர் உருவாக்கிய ஃபிளவர் டிராவலிங் பேண்ட் ஆங்கிலத்தில் பாடியது. அவருக்கு எதிரணியில் நின்றது ஹப்பி எண்டோ என்னும் இளைஞர் குழு. மேளம் அடித்தவரும் சொல் இயற்றியவருமான மாட்சுமோத்தோ தகாஷி, ஹொசோனோ ஹருவோமி, ஓத்தாக்கி எய்ச்சி, சுசுக்கி ஷிகெரு ஆகிய நால்வர். இதழ்களில் இரு தரப்பினரும் நேருக்கு நேர் வாதிட்டனர்.

உச்சிதா கூறியது வெற்றுரை அன்று. ஜப்பானிய மொழியில் நம் மாத்திரையைப்போல் ஒவ்வொரு எழுத்தொலிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்டிரைக்’ என்பது ஒரே வீச்சில் முடியும் ஓரசைச் சொல். ஜப்பானியர் வாயில் அது ‘சு-தொ-ரா-இ-கு’ என ஐந்து அளவாக விரிகிறது. ஆங்கிலச் சொல் அழுத்தத்தால் நடக்கிறது. ஜப்பானியச் சொல் எண்ணிக்கையால் நடக்கிறது. ஒன்றற்கென அமைந்த தாளத்தில் மற்றொன்றை இருத்துவது, வெண்பாவுக்குரிய சொற்களை ஆசிரிய விருத்தத்தில் அடைப்பதினும் கடினம். யாப்புக் கற்பித்தவர்கள் இவ்விடர்ப்பாட்டை உடனே உணர்வர்.

ஹப்பி எண்டோ இதற்குக் கூறிய விடை 1971இல் வெளிவந்த ‘கசேமாச்சி ரோமான்’ என்னும் இசைத்தட்டு. இசையில் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு முதலிய அமெரிக்கக் குழுக்களின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. அவர்களும் அதனை மறைத்தாரல்லர். சொல்லோ, 1964 ஒலிம்பிக் விளையாட்டுக்காக இடித்துச் சீரமைக்கப்பட்ட தோக்கியோவில் மறைந்துபோன தெருக்களைத் தேடுகிறது. மாட்சுமோத்தோ தாம் பிறந்து வளர்ந்த பகுதியைக் காற்றின் ஊர் என்றொரு கற்பனை ஊராக்கினார். தாளம் தருகின்ற இடத்தில் சொல்லை நீட்டியும், நாளிதழ்த் தமிழைப் போன்ற எளிய வழக்கினிடையே பழைய செய்யுட்சொல்லைப் பதித்தும் அவர் இயற்றினார். தொலைந்த ஊரைப் பாட அந்நிய இசை உதவியது. அவ்வூரை எந்த அமெரிக்கரும் பாடியிருக்க இயலாது. ‘பக்குரி’ என்று சொல்வோர் இவ்விசைத்தட்டை எங்கே வைப்பர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இக்குழுவைச் சேர்ந்த ஓத்தாக்கி, 1983இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னக் கணக்கில் பகுதியின்மேல் தொகுதி நிற்பதுபோல, மெய்ஜிக் காலந்தொட்டு உலக இசையைப் பகுதியாகக் கொண்டு அதன்மேல் நிற்கும் தொகுதியே ஜப்பானியப் பாட்டு என்றார். கீழே உள்ள எண்ணை மறைத்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் படிப்பவனுக்கு மதிப்பு விளங்காது. வழிநூலை நால்வகைப்படுத்தி, மொழிபெயர்த்து இயற்றுவதையும் அவற்றுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியருக்கு இக்கணக்கு அயலாகத் தோன்றியிராது.

நீதிமன்றங்களோ வேறு வகையில் அளந்தன. ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் பாடிய ‘மை ஸ்வீட் லார்ட்’ இறைவனை விளிக்கும் பாட்டு. ஷிஃபான்ஸ் மகளிர் குழுவினர் 1963இல் பாடிய ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ ஓர் இளைஞனைக் கண்டு மயங்கும் பாட்டு. சொல்லில் ஒற்றுமை இல்லை. எனினும் மெட்டு ஒன்றே என்றும், அறியாமலே உள்ளத்தின் ஆழத்திலிருந்து எடுத்துவிட்டார் என்றும் 1976இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜப்பானில் இதற்கு மறுதலையான வழக்கொன்று நடந்தது. மக்கிஹாரா நொரியுக்கி 2006இல் கெமிஸ்ட்ரி குழுவினர்க்கு எழுதிய பாட்டில், காலத்தையும் கனவையும் எதிரெதிரே நிறுத்திய ஒரு தொடர் தம் படக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது என்றார் ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’ வரைந்த மாட்சுமோத்தோ லெய்ஜி. (இவர் முன்னே கூறிய பாடலாசிரியரின் வேறானவர்.) 2008இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மக்கிஹாராவின் பக்கம் நின்று, குற்றஞ்சாட்டியவர் 22 இலட்சம் யென் வழங்கவேண்டும் என்றது, மேல்முறையீட்டின்போது 2009இல் இருவரும் இணங்கிப் போயினர். ஒரு மன்றம் மெட்டை மட்டும் நிறுத்தது. மற்றொன்று சொல்லை மட்டும் நிறுத்தது. சட்டத்துக்கு அது போதும். பாட்டைச் சுவைப்பவனோ இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இயலாத இடத்தில் நிற்கிறான்.

இப்போது கடன் எதிர்த்திசையிலும் பாய்கிறது. ஆரன் தொமொக்கோ 1983இல் பாடிய ‘மிட்நைட் பிரிடெண்டர்ஸ்’ பாட்டின் இசைப்பகுதியைக் கொண்டு, கனடிய நாட்டுப் பாடகரான தி வீக்கெண்ட் 2022இல் ‘அவுட் ஆஃப் டைம்’ என்ற பாட்டை அமைத்தார். ‘பார்த்தீர்களா, இப்போது அவர்கள் நம்மைப் பின்பற்றுகிறார்கள்’ என்று மகிழும் ஜப்பானிய இரசிகர், பழைய கோலையே தலைகீழாகப் பிடித்திருக்கின்றனர். ஆங்கிலப் பாட்டில் அவ்விசை, காலங்கடந்து தன் தவற்றை உணரும் ஒருவனின் புலம்பலுக்குக் களமாகிறது. இசையின் இனிமைக்கும் சொல்லின் கசப்புக்கும் இடையே உள்ள முரண்தான் அதன் சுவை. இவ்விரு பாடல்களையும் மேல்வகுப்பு மாணவர்க்கு அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, ஒரே இசையின்மேல் இரு மொழிகளும் எங்கெங்கே நீள்கின்றன, எங்கெங்கே குறுகுகின்றன என்று குறித்துவரச் சொல்லலாம். பொருள் தெரியாவிடினும் செவிக்கு அது புலப்படும். ஒரு பாடவேளை அதற்குப் போதும்.